ஜாக்சன் ஹைவே, 3614

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'வைல்ட் ஹார்ஸஸ்' பாட்டை, குழுவின் கிடார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் இந்த முகவரியில் இருக்கும் ஸ்டூடியோவின் கழிவறைக்குள் உட்கார்ந்துதான் எழுதி முடித்தார் என்று ஒரு கதை உண்டு. அந்தக் கழிவறையை இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம். நானும் பார்த்தேன். எந்த விசேஷமும் இல்லாத, சின்ன, சாதாரணக் கழிவறை. எனக்கு முன்னால் நின்ற அம்மா அதை எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

இது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், வடமேற்கு மூலையில் இருக்கிறது. டென்னசி ஆற்றை ஒட்டி நாலு ஊர்கள்: ஃப்ளோரன்ஸ், ஷெஃபீல்ட், டஸ்கம்பியா, மசில் ஷோல்ஸ். ஒன்று எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. ஸ்டூடியோவின் பெயர் மசில் ஷோல்ஸ் சவுண்ட் ஸ்டூடியோ, ஆனால் கட்டிடம் இருப்பது ஷெஃபீல்டில். பருத்தி வயல், வில்சன் அணைக்கட்டு, சில ஆலைகள், தேவாலயங்கள், அவ்வளவுதான் ஊர். இங்கிருந்து 1960களிலும் 70களிலும் உலகம் முழுக்கக் கேட்ட பாட்டுகள் எப்படிக் கிளம்பின என்பதற்கு, ஆற்றுக்குள் ஒரு பெண் பாடிக்கொண்டிருக்கிறாள் என்று பழங்குடி மக்கள் நம்பினார்கள், அதனால்தான் என்று உள்ளூரில் ஒரு விளக்கம் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. ஆற்றைவிட அங்கே இருந்த சில ஆட்களைப் பற்றிப் பேசினால் விஷயம் சீக்கிரம் பிடிபடும்.

நான் வேலைக்காக ஹன்ட்ஸ்வில்லுக்கு வந்து சேர்ந்தபோது, மசில் ஷோல்ஸ் அங்கிருந்து காரில் போய்விட்டுச் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடும் தூரம் என்பதே தெரியாது. ஆனால் பெயர் தெரியும். இசைத்தட்டு உறையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களைப் படிக்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. நம் ஊர்ப் பாட்டுகளில் பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் தெரியும். அந்த பாஸ் கிடாரை வாசித்தது யார் என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேருக்குப் பதில் இருக்காது. அமெரிக்காவிலும் அப்படித்தான். அந்தப் பொடி எழுத்துகளில் திரும்பத் திரும்ப வந்த நாலு பெயர்கள்தான் பேரி பெக்கெட், ரோஜர் ஹாக்கின்ஸ், ஜிம்மி ஜான்சன், டேவிட் ஹுட். முறையே கீபோர்டு, டிரம்ஸ், கிடார், பாஸ். யாருடைய இசைத்தட்டாக இருந்தாலும் இவர்களே வாசித்திருப்பார்கள். செல்லப்பெயர் ஸ்வாம்பர்ஸ், அதாவது சதுப்புநிலத்துக்காரர்கள்.

கதை இவர்களிடமிருந்து தொடங்கவில்லை. ரிக் ஹால் என்ற பிடிவாதக்காரரிடமிருந்து தொடங்குகிறது. 1950களின் கடைசியில் ஃப்ளோரன்ஸில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் அவரும் கூட்டாளிகளும் ஃபேம் என்ற பெயரில் ஸ்டூடியோ ஆரம்பித்தார்கள். அப்புறம் கூட்டாளிகள் பிரிந்தார்கள், ஹால் தனியாக நின்று மசில் ஷோல்ஸில் சொந்தக் கட்டிடமே எழுப்பினார். முதல் வெற்றி ஆர்தர் அலெக்சாண்டர் பாடிய 'யு பெட்டர் மூவ் ஆன்'. உள்ளூர்க் கறுப்பினப் பாடகர், ஹோட்டலில் பெட்டி தூக்கும் வேலை பார்த்தவர். அந்தப் பாட்டைப் பின்னால் ரோலிங் ஸ்டோன்ஸே எடுத்துப் பாடினார்கள்.

1966இல் இன்னொரு பாட்டு. பெர்சி ஸ்லெட்ஜ் ஷெஃபீல்ட் பக்கத்து மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளராக இருந்தார். இசைத்தட்டுக் கடையும் நடத்திக்கொண்டு வானொலியிலும் பேசிக்கொண்டிருந்த குவின் ஐவி, தன் சின்ன ஸ்டூடியோவில் அவரைப் பாடவைத்தார். 'வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்'. டிரம்ஸ் ரோஜர் ஹாக்கின்ஸ். ரெக்கார்டிங் பொறியாளராக உட்கார்ந்தவர் ஜிம்மி ஜான்சன். பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது, அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்கு முதல் தங்கத்தட்டையும் வாங்கிக் கொடுத்தது. அதோடு நியூயார்க்கிலிருந்து அட்லாண்டிக்கின் தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் இந்தப் பக்கம் பார்வையைத் திருப்பினார். பாடகர் வில்சன் பிக்கெட்டை ஃபேமுக்கு அழைத்து வந்தார். 1967 ஜனவரியில் அரீதா ஃபிராங்க்ளினையும் அழைத்து வந்தார்.

அந்த அரீதா நாளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். அதுவரை பல வருடம் வேறொரு கம்பெனியில் இருந்தும் பெரிதாக எடுபடாத பாடகி. ஸ்பூனர் ஓல்டம் மின் பியானோவில் ஒரு சின்னத் துணுக்கு வாசிக்க, 'ஐ நெவர் லவ்டு எ மேன்' பாட்டு அங்கேயே உருவாகி முடிந்தது. (அன்றைக்கு டேவிட் ஹுட் வாசித்தது பாஸ் இல்லை, ட்ராம்போன். எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது.) அப்புறம் குடி, வாய்த்தகராறு, அரீதாவின் அப்போதைய கணவருக்கும் ஊதல் வாசிக்க வந்த ஒருவருக்கும் உரசல், இரவில் சமாதானம் பேசப் போன ரிக் ஹாலோடு அடிதடி. மறுநாள் அரீதா கிளம்பிவிட்டார். இரண்டாவது பாட்டு பாதியில் நின்றது. வெக்ஸ்லர் ரிக் ஹாலோடு மனம் கசந்து போனாலும் அந்த வாத்தியக்காரர்களை விடவில்லை, விமானம் ஏற்றி நியூயார்க்குக்கு வரவழைத்து மிச்ச வேலையை முடித்துக்கொண்டார். 'ரெஸ்பெக்ட்' அப்படி நியூயார்க்கில் பதிவானதுதான், வாசித்தது அலபாமாக்காரர்கள்.

கூலிக்கு வாசிக்கிறவர்கள் தங்கள் மதிப்பைத் தெரிந்துகொள்ள இதைவிட என்ன வேண்டும்? 1969இல் ஹால் கேபிட்டல் ரெக்கார்ட்ஸோடு ஒப்பந்தம் போட்டு, இந்த நாலு பேரையும் தன்னிடமே கட்டிப்போட ஒரு ஏற்பாட்டைச் சொன்னபோது, அவர்கள் வேறு பதில் வைத்திருந்தார்கள்: நாங்கள் சொந்தமாக ஸ்டூடியோ தொடங்கப்போகிறோம். பின்னணியில் கடன் கொடுத்தது வெக்ஸ்லர். ஹாலுக்கு அது முதுகில் குத்தியது மாதிரிதான் இருந்தது. பல வருடம் கழித்துப் பேசும்போதும் அந்தக் கோபம் அவர் குரலில் தெரியும். அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு, அவர்களை வளர்த்துவிட்டவர் அவர்தானே. ஆனாலும் இந்தக் கதை முழுவதிலும் என்னைப் பிடித்து நிறுத்துகிற இடம் இதுதான். செஷனுக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த வாத்தியக்காரர்கள், முதலாளியின் அறையிலிருந்து எழுந்து வெளியே வந்து, கடன் வாங்கி, தாங்களே முதலாளி ஆகிறார்கள். அந்தத் தொழிலில் அது நடக்காத விஷயம்.

அவர்கள் பிடித்த இடம்தான் ஜாக்சன் ஹைவே 3614. 1940களில் கட்டியது. தட்டைக் கூரை, பெட்டி மாதிரிக் கட்டிடம். முன்பு சவப்பெட்டிகளைக் காட்சிக்கு வைத்து விற்ற இடம். எதிரே கல்லறைத் தோட்டம் இருந்ததால் வியாபாரத்துக்குப் பொருத்தமான இடம்தான். இவர்களுக்கு முன்பே ஒருவர் அங்கே சின்ன ஸ்டூடியோ ஒன்று வைத்திருந்தார். அதை வாங்கி, 8 ட்ராக் டேப் மெஷின் போட்டார்கள். 8 ட்ராக் என்றால் இன்றைக்குக் கைப்பேசியில் பாட்டு பண்ணுகிறவர்களுக்குச் சிரிப்பு வரும். டிரம்ஸுக்கு இத்தனை, பாஸுக்கு ஒன்று, கிடாருக்கு ஒன்று, பாடுகிறவருக்கு ஒன்று என்று எண்ணி எண்ணிப் பிரிக்க வேண்டும். அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சுக்கு இடமே கிடையாது, எல்லோரும் ஒரே நேரத்தில் சரியாக வாசித்தால்தான் உண்டு.

முதலில் வந்து பதிவு செய்தவர் பாடகி ஷெர். ஆல்பத்துக்கு ஸ்டூடியோ முகவரியையே பெயராக வைத்தார்கள், அட்டையில் எல்லோரும் கட்டிடத்து வாசலில் நிற்கிறார்கள். விற்பனையில் அது எடுபடவில்லை. புதுக்கடை திறந்தவுடன் முதல் போணி சரியில்லை என்றால் நம்மவர்கள் என்ன சொல்வார்களோ அதைத்தான் அந்த ஊரிலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் அதே வருடம் ஆர்.பி. கிரீவ்ஸ் பாடிய 'டேக் எ லெட்டர் மரியா' அமெரிக்க வரிசையில் இரண்டாவது இடம் வரை ஏறியது. கடை நின்றுவிட்டது, அதாவது நிலைத்துவிட்டது.

1969 டிசம்பர் 2, 3, 4. ரோலிங் ஸ்டோன்ஸ். அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் கடைசிக் கட்டத்தில், சத்தமில்லாமல் வந்து இறங்கினார்கள். மேடையில் வாசிக்கத்தான் அவர்களுக்கு அனுமதி இருந்தது, ஸ்டூடியோவில் பதிவு செய்ய இல்லை என்பதால் கண்ணில் படாத ஊர் தேவைப்பட்டது என்பார்கள். தங்கிய ஓட்டலில் பரிமாறிய பெண் "நீங்கள் எல்லாம் ஏதாவது பாட்டுக்குழுவா?" என்று கேட்டதற்கு, "ஆமாம், மார்த்தா அண்ட் த வண்டெல்லாஸ்" என்று அவர்களில் ஒருவர் சொன்னாராம். அது மூன்று கறுப்பினப் பெண்களின் குழு. அந்த மூன்று இரவுகளில் முடிந்தவை 'பிரவுன் ஷுகர்', 'வைல்ட் ஹார்ஸஸ்', 'யு காட்டா மூவ்'. பொறியாளர் ஜிம்மி ஜான்சன். ஸ்டோன்ஸ் சொந்த வாத்தியக்காரர்களோடு வந்ததால் ஸ்வாம்பர்ஸ் யாரும் வாசிக்கவில்லை, இதைப் பலர் குழப்பிக்கொள்வார்கள்.

'வைல்ட் ஹார்ஸஸில்' பியானோ மட்டும் வெளியாள். ஸ்டோன்ஸின் பியானோக்காரர் இயன் ஸ்டூவர்ட்டுக்கு மைனர் கார்டு (கார்டு என்றால் சேர்த்து ஒலிக்கும் சுரங்கள், மைனர் என்றால் அதில் சோகச் சாயல் கொண்ட வகை) என்றாலே ஆகாது, வாசிக்க மாட்டேன் என்று எழுந்து போய்விட்டார். மெம்ஃபிஸிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த ஜிம் டிக்கின்சனை உட்காரவைத்தார்கள். அங்கிருந்த நல்ல பியானோ கிடார்களின் சுருதியோடு சேரவில்லையாம். மூலையில் கிடந்த பழைய பியானோ ஒன்றில் கொஞ்சம் கட்டைகள் மட்டும் ஒத்துவந்தன, அந்தக் கட்டைகளுக்குள்ளேயே வாசித்து முடித்ததாக டிக்கின்சன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பாட்டைத் திரும்பக் கேளுங்கள். பியானோ ஏன் அவ்வளவு அடக்கி வாசிக்கப்பட்டிருக்கிறது என்பது புரியும். அங்கிருந்து கிளம்பி இரண்டே நாளில் கலிபோர்னியாவில் ஸ்டோன்ஸின் ஆல்டமான்ட் கச்சேரி, கொலை, கலவரம் எல்லாம் நடந்தது. பாட்டுகள் வெளிவர 1971 ஏப்ரல் ஆனது.

ஆனால் ஸ்டோன்ஸை வைத்து இந்த ஸ்டூடியோவை அளப்பது தப்பு என்பது என் கட்சி. சுற்றுலாக்காரர்களுக்கு அது போதும். இந்த அறையின் உண்மையான சாதனை 'ஐ'ல் டேக் யு தேர்'.

அதற்கு முன்னால் ஒரு சிக்கல். வெக்ஸ்லர் தன் வேலைகளை ஃப்ளோரிடாவின் மயாமிப் பக்கம் மாற்றிக்கொண்டு, நீங்களும் வந்துவிடுங்கள் என்றார். நாலு பேரும் மறுத்தார்கள். சொந்த ஊர், சொந்தக் கடை, விட்டுப் போக மனமில்லை. அட்லாண்டிக் வேலை வற்றியது. கடனும் வைத்துக்கொண்டு, இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளரையும் இழந்து நின்ற நேரம். அப்போது மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் ரெக்கார்ட்ஸிலிருந்து ஆல் பெல் வேலை கொண்டுவந்தார். அவர் கூட்டிவந்த ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் பாடியதுதான் அந்தப் பாட்டு, 1972இல் அமெரிக்காவில் முதலிடம்.

பாட்டில் கார்டு இரண்டே இரண்டுதான். வரிகளும் அதிகம் இல்லை. ஜமைக்காவின் ஹாரி ஜே ஆல்ஸ்டார்ஸ் வாசித்த 'லிக்விடேட்டர்' என்ற வாத்திய இசையிலிருந்து பாஸ் நடையை அப்படியே எடுத்திருக்கிறார்கள் (எழுதியவர் என்று ஆல் பெல் பெயர் மட்டும் இருப்பது நெருடல்தான்). ஆனால் டேவிட் ஹுட் அதை வாசிக்கிற விதம்! அவசரமே இல்லை. ஹாக்கின்ஸின் டிரம்ஸும் அதுவும் ஒன்றுக்கொன்று இடம் விட்டுக்கொண்டே நடக்கின்றன. நடுவில் பாட்டு நின்று வாத்தியங்கள் முன்னால் வரும்போது பாடகி மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ் 'டாடி' என்று, குழுவில் கிடார் வாசிக்கும் தன் அப்பாவைக் கூப்பிடுகிறார், கிடாரில் பதில் வருகிறது, ஆனால் வாசித்தது அப்பா இல்லை, எடி ஹின்டன் என்ற உள்ளூர் வெள்ளைக்காரப் பையன். அப்புறம் 'லிட்டில் டேவிட்' என்கிறார். பாஸ் தனியாக வருகிறது. அது மட்டும் நிஜமான ஆள், பொடி எழுத்திலிருந்து பாட்டுக்குள்ளேயே பெயர் ஏறிவிட்ட வாத்தியக்காரர்.

இதைக் கேட்டுவிட்டுத்தான் நியூயார்க் பாடகர் பால் சைமன் ஆல் பெல்லுக்குப் போன் செய்தார், அந்தப் பாட்டில் வாசித்த கறுப்பின வாத்தியக்காரர்கள் எனக்கு வேண்டும் என்று. தரலாம், ஆனால் ஆட்கள் கொஞ்சம் வெளுத்திருப்பார்கள் என்று பெல் பதில் சொன்னாராம். சைமன் வந்தார். ஒரு பாட்டுக்காக நாலு நாள் இடம் பிடித்திருந்தார். நியூயார்க்கில் அப்படித்தான் வேலை நடக்கும். 'டேக் மீ டு த மார்டி க்ரா' முதல் நாளே முடிந்துவிட்டது. மிச்ச நாளை என்ன செய்வது, கையில் இருந்த வேறு பாட்டுகளை எடுத்தார். 'கோடக்ரோம்' அப்படிக் கிடைத்தது.

வேகத்துக்குக் காரணம் மந்திரம் இல்லை. இவர்கள் யாரும் ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது மேற்கத்திய இசைக்குறிப்பு, எழுதி நீட்டுவதற்குக் காத்திருக்கவில்லை. டெமோவை, அதாவது மாதிரிப் பதிவைக் கேட்பார்கள், கார்டுகளை 1, 4, 5 என்று வெறும் எண்களாகத் தாளில் குறித்துக்கொள்வார்கள். பாடகருக்குச் சுருதி ஒத்துவரவில்லை என்றால் எண்கள் மாறாது, தொடங்கும் இடத்தை மாற்றிக்கொண்டால் போதும். அப்புறம் ஆளாளுக்கு ஒன்று வாசித்துப் பார்த்து, நல்லதை வைத்துக்கொண்டு, மிச்சத்தை விட்டுவிடுவார்கள். இந்த விட்டுவிடுவதில்தான் அவர்களுடைய திறமை இருந்தது என்று நினைக்கிறேன். நாலு பேரும் வருடக்கணக்கில் ஒன்றாக வாசித்தவர்கள், ஒருவர் மூச்சு இழுத்தால் மற்றவருக்குத் தெரியும், அறையும் கைகொடுத்தது, ஏனென்றால் அது சின்னது. பாப் சீகரின் 'ஓல்ட் டைம் ராக் அண்ட் ரோல்' பாட்டில் நாம் கேட்கும் வாத்தியம் அவருக்காகப் பதிவானது கூட இல்லை. மாதிரிக்கு அனுப்பிய டெமோவிலிருந்த இசையை அப்படியே வைத்துக்கொண்டு மேலே பாடிவிட்டார், அதைவிட நன்றாகச் செய்ய முடியவில்லை என்பதால்.

ராட் ஸ்டூவர்ட் 1975இல் வந்தபோது அந்தக் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) மதுவிலக்கு இருந்தது. 'செய்லிங்' பாட்டைக் காலை வேளையில் ஒரு சொட்டுகூட இல்லாமல் பாட வேண்டியிருந்தது என்று இன்றுவரை புலம்புகிறார். பாட்டு பிரிட்டனில் முதலிடம். மதுவிலக்கு ஆதரவாளர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இந்த ஸ்டூடியோவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு வரி கட்டாயம் எழுதுவார்கள்: வெளியே ஜார்ஜ் வாலஸின் இனவெறி அலபாமா, உள்ளே கறுப்பர் வெள்ளையர் பேதமே இல்லை. உள்ளே அன்பாக இருந்திருப்பார்கள், அதைச் சந்தேகிக்கவில்லை. 1963இல் பல்கலைக்கழக வாசலில் நின்று கறுப்பின மாணவர்களை மறித்த ஆளுநரின் மாநிலத்தில் அது சின்ன விஷயமும் இல்லை. ஆனால் ஸ்டூடியோக்களின் சொந்தக்காரர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். பெர்சி ஸ்லெட்ஜ் தன் புகழ்பெற்ற பாட்டுக்கு எழுத்தாளர் உரிமையை வாத்தியக்கார நண்பர்கள் இருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார், அந்தப் பணம் எவ்வளவு ஆகும் என்று அந்த வயதில் அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. எல்லாவற்றையும் தொடங்கி வைத்த ஆர்தர் அலெக்சாண்டர், பீட்டில்ஸும் ஸ்டோன்ஸும் தன் பாட்டுகளைப் பாடிவிட்ட பிறகு, கிளீவ்லாண்டில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். பேதமில்லாத அறை என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு சரியாகும்.

1970களின் கடைசியில் நாலு பேரும் ஜாக்சன் ஹைவேயை விட்டுக் கிளம்பினார்கள். ஆற்றங்கரையில், கடற்படை ரிசர்வுக்காக இருந்த பெரிய கட்டிடம். எல்லா வகையிலும் மேலான இடம். பாப் டிலன் 1979இல் 'ஸ்லோ ட்ரெயின் கமிங்' ஆல்பத்தை அங்கேதான் பதிவு செய்தார், தயாரித்தவர்கள் வெக்ஸ்லரும் பேரி பெக்கெட்டும். ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. டிரம் மெஷினும் சிந்தசைசரும் வந்த பிறகு, நாலு நல்ல வாத்தியக்காரர்களைத் தேடி அலபாமா வரை வரவேண்டிய அவசியம் கம்பெனிகளுக்குக் குறைந்துவிட்டது. 1985இல் மலாக்கோ ரெக்கார்ட்ஸுக்கு விற்றார்கள். பெக்கெட் நாஷ்வில்லுக்குப் போனார். 2005இல் அந்தப் புது ஸ்டூடியோவும் மூடப்பட்டது.

பழைய கட்டிடம் அதற்குள் கைமாறி, வேறு வேறு வியாபாரங்களைப் பார்த்து, பழுதாகிக் கிடந்தது. 1999இல் ஒரு தனிமனிதர் அதை வாங்கி மீண்டும் ஸ்டூடியோ ஆக்கினார், 2006இல் நாட்டின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலிலும் சேர்ந்தது. 2009 ஆகஸ்டில் பிளாக் கீஸ் என்ற இருவர் குழு வந்து இறங்கியது. அவர்களுடைய பொறியாளர் வேண்டிய கருவிகளைத் தாமே கொண்டுவர வேண்டியிருந்தது. இவர்களுக்கு ஸ்வாம்பர்ஸும் கிடையாது, பழைய மெஷினும் கிடையாது, கிடைத்தது நாலு சுவர் மட்டும். ஊரில் வேறு வேலையும் இல்லை, உட்கார்ந்து வாசித்தார்கள். 'பிரதர்ஸ்' ஆல்பத்தின் பெரும்பகுதி அதுதான், அதற்கு கிராமி விருதுகளும் கிடைத்தன. சுவரில் ஏதோ இருக்கிறது என்கிறவர்களுக்கு இது நல்ல சாட்சி. எனக்கென்னவோ, போன் அடிக்காத ஊரில் இரண்டு பேரை ஒரு அறைக்குள் விட்டால் இப்படித்தான் ஆகும் என்று தோன்றுகிறது.

2013இல் மசில் ஷோல்ஸைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்தது. அதே வருடம் உள்ளூரில் லாப நோக்கமில்லாத அறக்கட்டளை ஒன்று கட்டிடத்தை வாங்கியது. படத்தைப் பார்த்துவிட்டு, ஹிப்ஹாப் இசைக்காரர் டாக்டர் ட்ரேயும் ஜிம்மி அயோவினும் தொடங்கிய பீட்ஸ் என்ற ஹெட்ஃபோன் கம்பெனி சுமார் 10 லட்சம் டாலர் கொடுத்தது. ஹிப்ஹாப் பணத்தில் சோல் இசையின் கூரை சரிசெய்யப்பட்டது என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது, அந்தப் பழைய இசைத்தட்டுகளை வெட்டி ஒட்டித்தானே எத்தனையோ ஹிப்ஹாப் பாட்டுகள் பிறந்தன. 1970களில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கி, 2017 ஜனவரியில் திறந்தார்கள்.

நான் போனபோது மனதில் கொஞ்சம் எரிச்சலோடுதான் போனேன். வாழ்ந்த இடத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற வேலை எனக்குப் பிடிக்காது, கயிறு கட்டி 'தொடாதீர்கள்' என்று எழுதிவைத்த பியானோவைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இங்கேயும் டி-சர்ட் விற்கிறார்கள், கழிவறைக்கு வரிசை நிற்கிறது, கீழ்த்தளத்தில் இசைக்காரர்கள் இளைப்பாறிய இடத்தையும் காட்டுகிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். பகலில் சுற்றிக் காட்டுவது, கதவு மூடிய பிறகு ரெக்கார்டிங். பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் வந்து பதிவு செய்யலாம். பகல் வருமானத்தில் இரவு விளக்கு எரிகிறது. இன்றைக்கு ரெக்கார்டிங்கை மட்டும் நம்பி இப்படி ஒரு இடத்தை நடத்தவே முடியாது, மடிக்கணினியும் ஒரு மைக்கும் இருந்தால் படுக்கையறையே ஸ்டூடியோ. அருங்காட்சியகம் மட்டும் என்று விட்டிருந்தால் மைக்குகள் தூசி பிடித்திருக்கும். இரண்டையும் சேர்த்தது கெட்டிக்காரத்தனம்.

குறை சொல்ல வேண்டுமென்றால் ஒன்று உண்டு. வழிகாட்டிப் பேச்சில் வந்துபோன நட்சத்திரங்களின் பெயர்கள்தான் அதிகம். அந்த இடத்துக்குக் கடன்காரர்களாக இருந்து, காலையில் வந்து கதவைத் திறந்து, அடுத்தவர் பாட்டுக்கு வாசித்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களின் கணக்கு வழக்கு எப்படி நடந்தது, நாலு பேர் பத்து வருடத்துக்கு மேல் சண்டை போட்டுப் பிரியாமல் ஒரு தொழிலை எப்படி நடத்தினார்கள், அதைக் கேட்க எனக்கு ஆசை. கேட்டேன், வழிகாட்டிப் பையன் நல்லவன், ஆனால் பின்னால் நின்ற கூட்டம் ஸ்டோன்ஸுக்கு அவசரப்பட்டது.

பெக்கெட் 2009இல் இறந்தார், மறுதிறப்பைப் பார்க்கவில்லை. ரிக் ஹால் 2018இல், ஜிம்மி ஜான்சன் 2019இல், ரோஜர் ஹாக்கின்ஸ் 2021இல். நாலு பேரில் கடைசியாக மிஞ்சியவர் டேவிட் ஹுட். அவருடைய மகன் பேட்டர்சன் ஹுட், டிரைவ்-பை ட்ரக்கர்ஸ் குழுவை நடத்துகிறவர், பாட்டெழுதுவதில் அப்பாவைவிடப் பேர்போனவர்.

போக நினைப்பவர்களுக்கு: ஃபேம் ஸ்டூடியோவும் இன்னும் இயங்குகிறது, அதையும் சுற்றிக் காட்டுகிறார்கள், இரண்டுக்கும் நடுவே கொஞ்ச தூரம்தான், ஒரே நாளில் முடித்துவிடலாம். முதலில் ஃபேமுக்குப் போங்கள். அங்கே ரிக் ஹாலின் பக்கக் கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் ஜாக்சன் ஹைவேக்கு வந்தால், அந்த நாலு பேர் அங்கிருந்து கிளம்பி வந்தது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது தெரியும். காரில் போகும்போது ஸ்டேப்பிள் சிங்கர்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள், பாஸைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.